இரண்டு பாதியும் தெரிகிறது, சேர்ந்தால் தெரியவில்லை என்றால்

தண்டையார்பேட்டையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தீர்கள், இப்போது வங்கித் தேர்வுக்குத் தயாராகிறீர்கள், ஆங்கிலப் பத்தியில் இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு வரும் இடங்களில் மாட்டிக்கொள்கிறீர்கள். தனித்தனியாக இரண்டும் தெரிகிறது, சேர்ந்தால் தெரியவில்லை. ஷார்ட்ஃபால், அவுட்ஸ்டாண்டிங், வாட்டர்ஷெட் என்று மூன்று சொற்களைக் காட்டி, இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு பட்டியல் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவேன் என்கிறீர்கள். பட்டியல் கேட்டாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. அகராதி இல்லாத தேர்வு அறையில், முன்னும் பின்னும் இருக்கும் வரிகளை வைத்து இந்தச் சொற்களை ஊகிக்க முடியுமா, ஊகித்தால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அது. பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருடங்களாக மாலை வகுப்பில் வங்கி, ரயில்வே, டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். படித்தது ஆங்கில இலக்கியம். மொழியியல் ஆராய்ச்சியாளன் இல்லை. வகுப்பில் பார்த்ததையும், அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் பட்டியல். அது உதவாது, ஏனென்றால் அதற்கு முடிவே இருக்காது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் தேவைப்பட்ட இடத்தில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் புதுச்சொல் செய்துவிடுவார். நம் பக்கத்திலும் அப்படித்தான். மீன்பாடி வண்டி என்று சொன்னால் ராயபுரத்தில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்தவருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் "மீன்பாடி வண்டியில பீரோவை ஏத்திக்கிட்டுப் போனாங்க" என்ற ஒரு வாக்கியம் காதில் விழட்டும். அது ஒரு வண்டி, சாமான் ஏற்றுவது, பீரோ வைக்கிற அளவுக்குத் தட்டு உள்ளது, மீனுக்கு மட்டும் என்றில்லை என்பது அவருக்குத் தானாகவே புரிந்துவிடும். மூன்று சக்கரமா நான்கு சக்கரமா என்பது மட்டும் அந்த வாக்கியத்தில் கிடைக்காது. அவர் செய்ததைக் கவனியுங்கள். கடைசிச் சொல்லைப் பிடித்தார், மீன் என்ற சொல்லை முழுதாக நம்பவில்லை, மீதியை வாக்கியத்திடம் விட்டார். ஆங்கிலத்திலும் செய்ய வேண்டியது இதைத்தான். தமிழில் நினைக்காமலே செய்வதை அங்கே நினைத்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ் வழியில் படித்ததைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அது உங்களுக்குப் பெரிய பலம். பள்ளியில் தொகைநிலைத் தொடர், அதாவது நடுவில் உருபு மறைந்து சொற்கள் சேர்ந்து வருவது, படித்திருப்பீர்கள்: வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை. ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். அதை மறுபடி எடுங்கள். ஒரு தொகையின் பொருள் எங்கே நிற்கும் என்பதைத் தொல்காப்பியமே நான்காகப் பிரித்துச் சொல்லிவிட்டது: இந்தச் சொல்லில் நிற்கலாம், அந்தச் சொல்லில் நிற்கலாம், இரண்டிலும் சேர்ந்து நிற்கலாம், இரண்டுக்கும் வெளியே வேறொன்றில் நிற்கலாம். நன்னூலும் இதே நான்கைச் சொல்கிறது. ஆங்கிலக் கூட்டுச் சொற்களைப் பற்றி இன்றைய மொழியியல் நூல்கள் சொல்வதும் பெரும்பாலும் இதே பிரிவுதான்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலப் பெயர்ச்சொல் கூட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பொருள் கடைசிச் சொல்லில் நிற்கிறது, தமிழில் நிற்பதைப் போலவே. ஹவுஸ்போட் என்றால் படகு. வீடு மாதிரி உள்ள படகு, கேரளாவில் சுற்றுலாப் பயணிகள் தங்குவது. போட்ஹவுஸ் என்றால் கட்டடம். படகுகளை நிறுத்தி வைக்கிற இடம். அதே இரண்டு சொல், இடம் மாறியதும் பொருள் மாறிவிட்டது. ஆகவே தெரியாத கூட்டுச் சொல் வந்தால் வாசிப்பைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். பன்மை எழுத்தும் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டும். விதிவிலக்குகள் கொஞ்சம் உண்டு. மதர்-இன்-லா என்பதில் பொருள் முதல் சொல்லில் நிற்கிறது, அதனால்தான் பன்மை மதர்ஸ்-இன்-லா என்று வருகிறது. ராணுவ நீதிமன்றத்தைக் குறிக்கும் கோர்ட்-மார்ஷல் போலப் பிரெஞ்சு வழியில் வந்த சிலவும் அப்படி. சிங்கர்-சாங்ரைட்டர், அதாவது பாடகராகவும் பாடலாசிரியராகவும் இருப்பவர், நம் உம்மைத்தொகை போல இரண்டிலும் நிற்பது. இவை குறைவு, தேர்வில் இவற்றால் பெரிய தொல்லை வராது.

தொல்லை வருவது அடுத்த இடத்தில். கடைசிச் சொல்லைப் பிடித்துவிட்டோம், சரி, முதல் சொல்லுக்கும் அதற்கும் என்ன உறவு? உறவைச் சொல்லும் உருபு தொக்கிவிட்டது, அதாவது மறைந்துவிட்டது. தலைவலி மாத்திரை தலைவலியைப் போக்குவது. தூக்க மாத்திரை தூக்கத்தைக் கொடுப்பது. சத்து மாத்திரை சத்தைத் தருவது. இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லைப் பார்த்தும் தெரியாது. உலகம் தெரிந்ததால் தெரிகிறது. எலி மருந்தை யாரும் எலிக்கு உடம்பு சரியில்லை என்று வாங்குவதில்லை. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ரெயின்கோட் மழையைத் தடுப்பது, ஃபர்கோட் ஃபரால், அதாவது விலங்கின் ரோமத்தால் ஆனது. ஃபயர்வுட் தீ மூட்ட, ஃபயர்ஃபைட்டர் தீயை எதிர்க்க, ஃபயர்வால் தீ பரவாமல் நிறுத்த, ஃபயர்ஃபிளை தீ மாதிரி ஒளிவிடும் பூச்சி, அதாவது மின்மினி. பள்ளியில் "உருபும் பயனும் உடன் தொக்க தொகை" என்று படித்தது இதைத்தான். பால்குடம் என்றால் பாலைக் கொண்ட குடம் என்று விரித்தோம் அல்லவா? அதே மாதிரி ஆங்கிலச் சொல்லையும் மனதில் தமிழில் விரித்துப் பாருங்கள். எதால் ஆனது, எதற்காக, எதைத் தடுக்க, எதில் இருக்கிறது, எதைப் போன்றது என்று நான்கைந்து விரிவுகள்தான் வரும். ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்துப் படித்தால் பொருந்தாதவை உதிரும்.

ஃபால் என்ற ஒரே சொல்லில் முடிகிறவற்றை நான் வகுப்பில் வேண்டுமென்றே ஒன்றாக வைத்து நடத்துவேன், ஏனென்றால் இந்த முறையின் பலமும் பலவீனமும் அதில் ஒருசேரத் தெரியும். ரெயின்ஃபால், வாட்டர்ஃபால் இரண்டும் சுலபம், மழையும் தண்ணீரும் விழுகின்றன. நைட்ஃபாலில் இரவு விழுகிறது, அதாவது பொழுது சாய்கிறது. அப்புறம் லேண்ட்ஃபால் வரும். நிலம் விழுவது என்று விரித்தால் மண்சரிவு என்று தோன்றும். இப்போது வாக்கியத்தைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயத்தில் ஆங்கில நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்த செய்தி, புயல் ஆந்திராவில் பாபட்லா அருகே லேண்ட்ஃபால் "செய்யும்" என்பது. செய்வது யார்? புயல். எங்கே? ஒரு கடற்கரை ஊருக்கு அருகே. எப்போது? டிசம்பர் 5 அன்று முற்பகலில் என்று முன்கூட்டியே நேரம் சொல்கிறார்கள். மண்சரிவுக்கு யாரும் முன்கூட்டி நேரம் சொல்ல மாட்டார்கள், அதைப் புயல் "செய்யவும்" செய்யாது. கடலில் இருந்தது நிலத்துக்கு வந்து சேர்கிறது, நம் வானொலி சொல்வது போலக் கரையைக் கடக்கிறது. கப்பல்காரர்கள் நெடுங்காலமாக நீண்ட பயணத்துக்குப் பிறகு கரை கண்ணில் படுவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்திவந்தார்கள், அங்கிருந்து புயலுக்கு வந்தது. அந்த வரலாறு தெரியாமலேயே வாக்கியத்தில் இருந்த மூன்று விவரங்கள் நம்மைச் சரியான இடத்தில் கொண்டுவந்து விட்டன.

அதே குடும்பத்தில் விண்ட்ஃபால் இன்னும் கடினம். காற்று, விழுதல். வகுப்பில் இந்தச் சொல்லைக் கொடுத்தபோது ஒரு மாணவி புயலில் மரம் விழுந்த சேதம் என்றாள். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. பாதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நல்ல ஊகம்கூட. ஆனால் வாக்கியம், மத்திய அரசு 2022 ஜூலையில் கச்சா எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள் மீது விண்ட்ஃபால் வரி விதித்தது என்பது. சேதத்தின் மீது யாராவது வரி போடுவார்களா? நிறுவனத்தின் மீது வரி என்றால் முதலில் லாபம்தான் நினைவுக்கு வரும். ஆக இது ஏதோ ஒரு வகை லாபம். உலகச் சந்தையில் விலை ஏறியதால் வந்தது என்று அடுத்த வரி சொல்கிறது. உழைக்காமல், எதிர்பாராமல் வந்த லாபம் என்ற இடத்துக்கு அவளே வந்துவிட்டாள். காற்றடித்துத் தானாக விழுந்த பழம் என்பதுதான் அதன் பழைய பொருள் என்று அப்புறம் சொன்னேன். அந்த வரலாற்றை முதலில் சொல்லியிருந்தால் சொல் ஒன்று தெரிந்திருக்கும், வழி தெரிந்திருக்காது.

நீங்கள் காட்டிய ஷார்ட்ஃபாலும் இந்தக் குடும்பம்தான். இதற்கு ஒரு கைவேலை இருக்கிறது: சொல்லைத் திருப்பிப் போட்டு வினையாக்கிப் பாருங்கள். ஷார்ட்ஃபால், ஃபால் ஷார்ட் ஆகும், அதாவது தேவைக்கு எட்டாமல் போவது, பற்றாக்குறை. டவுன்ஃபால், ஃபால் டவுன், வீழ்ச்சி. அவுட்பிரேக், பிரேக் அவுட், நோய் வெடித்துக் கிளம்புவது. அவுட்கம், கம் அவுட், விளைவு. அப்பிரிங்கிங், பிரிங் அப், வளர்ப்பு. ஆன்லுக்கர், லுக் ஆன், வேடிக்கை பார்ப்பவர். உங்கள் இரண்டாவது சொல்லான அவுட்ஸ்டாண்டிங்கும் இப்படித் திறக்கும். ஸ்டாண்ட் அவுட் என்றால் கூட்டத்திலிருந்து தனித்து நிற்பது, அதனால் மிகச்சிறந்த என்ற பொருள். வங்கிப் பத்தியிலோ அவுட்ஸ்டாண்டிங் லோன், அவுட்ஸ்டாண்டிங் அமவுன்ட் என்று வரும். அங்கே மிகச்சிறந்த கடன் என்று படித்தால் வாக்கியம் நொண்டும். "பாக்கி எவ்வளவு நிக்குது?" என்று மளிகைக் கடையில் கேட்கிறோமே, அந்த நிற்பதுதான் இது. தீராமல் நிற்பது, நிலுவை. பக்கத்துச் சொல் பணமா, கடனா, ஆட்டமா, மதிப்பெண்ணா என்று பார்த்தாலே எந்த நிற்பு என்று தெரிந்துவிடும்.

ஆனால் திருப்பிப் போடும் வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பேருந்தில் போகிற எல்லோருக்கும் ஓவர்டேக் தெரியும், முந்துவது. டேக்ஓவர் என்றால் ஒரு நிறுவனம் இன்னொன்றைக் கைப்பற்றுவது. முந்துவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்செட் வேறு, செட்அப் வேறு. அவுட்லுக் என்றால் எதிர்காலம் எப்படி இருக்கும் என்ற கணிப்பு அல்லது ஒருவரின் பார்வை, லுக்அவுட் என்றால் கண்காணிப்பு. லுக்அவுட் நோட்டீஸ் என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஓவர்சைட் இன்னும் மோசம், ஒரே சொல்லுக்கு ஏறக்குறைய எதிரெதிரான இரண்டு பொருள். ஓவர்சைட் கமிட்டி என்றால் மேற்பார்வைக் குழு. தவறுக்குக் காரணமாக ஓவர்சைட் என்று சொன்னால் கவனிக்காமல் விட்டது. இங்கே சொல்லை எவ்வளவு பிரித்தாலும் பயனில்லை, வாக்கியம் மட்டுமே தீர்ப்புச் சொல்ல முடியும். குழுவோ அதிகாரமோ பக்கத்தில் இருந்தால் மேற்பார்வை, மன்னிப்போ பிழையோ பக்கத்தில் இருந்தால் கவனக்குறைவு. அவுட், அப், ஓவர், அண்டர், பேக் போன்ற சிறு சொற்கள் வரும் எல்லாக் கூட்டுகளையும் இந்தச் சந்தேகத்தோடேயே அணுகுங்கள்.

பொருள் இரண்டு சொல்லுக்கும் வெளியே நிற்கும் அன்மொழித்தொகைக்கு வருவோம். "பொற்றொடி வந்தாள்" என்ற உதாரணம் ஞாபகம் இருக்கும். வந்தது வளையல் இல்லை, வளையல் அணிந்தவள். ஆங்கிலத்தில் இதற்குச் சரியான ஜோடி, நாம் தினமும் சொல்லும் பிக்பாக்கெட். அது பாக்கெட் வகை இல்லை, பாக்கெட்டில் கைவிடும் ஆள். முதலில் வினை, அடுத்து அந்த வினை பாயும் பொருள், குறிக்கப்படுவது வெளியே நிற்கும் ஆளோ கருவியோ. ஸ்கேர்க்ரோ காகம் இல்லை, காகத்தை விரட்டும் சோளக்கொல்லைப் பொம்மை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிய சுவர் இருக்கிறதே, அலையின் வேகத்தை உடைத்துப் படகுகளுக்கு அமைதியான தண்ணீர் தருவது, அதன் பெயர் பிரேக்வாட்டர். கடைசிச் சொல்லைப் பிடித்தால் ஏதோ ஒரு வகைத் தண்ணீர் என்று தவறிப்போவோம். ஆனால் பத்தியில் அதைக் "கட்டினார்கள்", "நீளத்தைக் கூட்டினார்கள்" என்று வரும். தண்ணீரைக் கட்டி நீட்ட முடியாது. முதல் பாதி வினையாக இருந்து, கடைசிப் பாதியின் பொருள் வாக்கியத்தில் பொருந்தாமல் போனால், பொருள் வெளியே இருக்கிறது என்று முடிவு செய்யலாம். இந்த அமைப்பில் உள்ள ஆங்கிலச் சொற்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தேர்வு வைப்பவர்களுக்குப் பிடித்தவை. டர்ன்கோட் கட்சி மாறுபவர், கில்ஜாய் மகிழ்ச்சியைக் கெடுப்பவர். இவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாக இருப்பதில்லை என்பதையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும்போது அது கை கொடுக்கும்.

இந்த வகையில் என் மாணவர்கள் வருடா வருடம் விழும் குழி ஸ்பென்ட்த்ரிஃப்ட். த்ரிஃப்ட் என்றால் சிக்கனம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே சிக்கனமாகச் செலவு செய்பவர் என்று மளமளவென்று எழுதிவிடுவார்கள். விடை நேர் எதிர், ஊதாரி. அந்தச் சொல் உருவானபோது த்ரிஃப்டுக்குச் சேர்த்த செல்வம் என்ற பொருள் இருந்தது, அதைச் செலவழித்து அழிப்பவர் என்பதுதான் கூட்டின் பொருள். பழைய பொருள் சொல்லுக்குள்ளேயே உறைந்து நின்றுவிட்டது. இதை யாரும் பாதிகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பத்தியில் அவர் அப்பாவின் சொத்தை மூன்று வருடத்தில் தீர்த்தார், ஊரெல்லாம் கடன் என்று இருந்தும் சிக்கனக்காரர் என்று எழுதுகிறார்களே, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. வாக்கியம் கத்திக்கொண்டிருக்கிறது, அவர்கள் காதில் விழவில்லை. ஏன் விழவில்லை என்றால், அது தெரியாத சொல் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுச் சொல்லின் ஆபத்து அது தெரியாததில் இல்லை, தெரிந்த மாதிரி இருப்பதில். பாட்டியா லாஃபர் என்ற மொழியறிஞர் இப்படிப்பட்ட சொற்களுக்கென்றே தனிப்பெயர் வைத்து எழுதியிருக்கிறார், தெளிவாக இருப்பது போல ஏமாற்றும் சொற்கள் என்று. ஷார்ட்கமிங்ஸ் என்பதைக் குறுகிய வருகைகள் என்று படித்த மாணவர்கள் அவருடைய உதாரணங்களில் ஒன்று. உண்மையில் அது குறைபாடுகள். முழுக்கப் புதிய சொல்லைப் பார்த்தால் நிற்கிறோம், சுற்றிப் பார்க்கிறோம். பாதி தெரிந்த சொல்லைப் பார்த்தால் நிற்பதில்லை. அது மட்டுமில்லை, நாம் ஏற்கெனவே முடிவு செய்த அர்த்தத்துக்கு ஏற்ப மீதி வாக்கியத்தையே வளைத்துப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். நம் ஊரில் தினமும் புழங்கும் சொல்லே இந்த ஆபத்தைத் தரும். கணேசபுரம் சப்வேயில் மழைத்தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்காரர்கள் சுற்றிப் போக வேண்டும். நமக்கு சப்வே என்றால் ரயில் பாலத்துக்குக் கீழே போகும் சுரங்கப்பாதை. நியூயார்க் பற்றிய பத்தியில் ஒருவர் சப்வேயில் ஏறி வேலைக்குப் போனார் என்றால் அது நிலத்தடி ரயில். "ஏறி" என்ற ஒரு சொல் அதைக் காட்டிக்கொடுக்கிறது, ஆனால் நின்று பார்ப்பவருக்குத்தான்.

உங்கள் மூன்றாவது சொல்லான வாட்டர்ஷெட் இதே வகை. ஷெட் என்றால் நமக்குத் தகரக் கொட்டகை, பணிமனை. பேசின் பிரிட்ஜ் ரயில் ஷெட் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே உள்ள ஷெட் வேறு, பிரித்தல் என்ற பழைய பொருள். மலை உச்சியில் மழை இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும் கோட்டுக்கு அந்தப் பெயர். பிறகு ஒரு பக்கமாக வடியும் முழு நிலப்பரப்புக்கும் அந்தப் பெயர் வந்தது, அரசுத் திட்டங்களில் நீர்வடிப்பகுதி என்று பார்த்திருப்பீர்கள். வரலாற்றுப் பத்தியிலோ பொருளாதாரப் பத்தியிலோ வந்தால் திருப்புமுனை. 1991 இந்தியப் பொருளாதாரத்தில் ஒரு வாட்டர்ஷெட் என்று எழுதுவார்கள். அந்த வருடத்துக்கு முன் ஒரு நிலை, பின் ஒரு நிலை என்று பத்தி இரண்டாகப் பிரிந்திருக்கும். தண்ணீரே இல்லாத பத்தியில் வாட்டர் என்று தொடங்கும் சொல் வருகிறது என்றால், நேர்ப்பொருளை அந்த இடத்திலேயே கைவிட்டுவிட வேண்டும்.

சுற்றியுள்ள வரிகளில் எதைத்தான் பார்ப்பது என்பதற்குச் சொல்கிறேன். பேக்லாக் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பேக், லாக், பின்னால், மரக்கட்டை. விரித்துப் பார்த்தால் ஒன்றும் வராது. அடுப்பின் பின்பக்கம் வைக்கும் பெரிய கட்டை என்பதுதான் பழைய பொருள், அது இப்போது யாருக்கும் தேவையில்லை. வாக்கியம் இப்படி இருக்கட்டும்: புதிதாக நீதிபதிகள் வந்தாலும், வழக்குகளின் பேக்லாக்கைத் தீர்க்கப் பல வருடங்கள் ஆகும். நான் முதலில் பார்ப்பது வினை. தீர்க்க, குறைக்க, கூட்ட, கட்ட, தாண்ட என்ற வினைகள் சொல்லின் இயல்பைப் பாதி சொல்லிவிடும். தீர்ப்பது சேர்ந்து கிடப்பதைத்தான். அடுத்து, அது எதனுடையது? வழக்குகளுடையது. மூன்றாவது, "ஆனாலும்", "இருந்தும்", "அதனால்" போன்ற இணைப்புகள், ஆங்கிலத்தில் பட், ஆல்தோ, பிகாஸ். நீதிபதிகள் வந்தது நல்ல செய்தி, "வந்தாலும்" என்று திரும்புவதால் அடுத்து வருவது நல்லதாக இருக்க முடியாது. இவ்வளவும் சேர்ந்தால் தேங்கிக் கிடக்கும் வேலை என்பது வந்துவிடுகிறது. இதோடு நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்தையும் படியுங்கள். ஆங்கிலக் கட்டுரை எழுதுபவர்கள் ஒரே சொல்லை உடனே மறுபடி எழுத விரும்புவதில்லை, அடுத்த வரியில் அதையே எளிய சொல்லில் சொல்லிவிடுவார்கள். தேங்கிய வழக்குகள் என்று அங்கே பச்சையாகவே இருக்கும்.

எழுத்து வடிவத்தை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றாக எழுதினால் கூட்டு, பிரித்து எழுதினால் தனி என்று நம்ப வேண்டாம். ஐஸ் க்ரீம் பிரித்துத்தான் எழுதப்படுகிறது, ஆனால் ஒரே பொருள். நடுவில் கோடு போடுவதிலும் அகராதிக்கு அகராதி வேறுபாடு உண்டு. காதால் கேட்கும்போது அழுத்தம் ஓரளவு உதவும். க்ரீன்ஹவுஸ் என்று முதல் பாதியை அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம், இரண்டாவதையும் அழுத்தினால் பச்சை நிற வீடு. இதிலும் விதிவிலக்குகள் ஏராளம், அதனால் துணைச்சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லைகள். இந்த முறை முழுவதும், மற்ற சொற்கள் தெரிந்திருந்தால்தான் வேலை செய்யும். ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாததாக இருக்கலாம். லாஃபர் அதற்கு முன் 95 சதவீதம் போதும் என்றார். எந்த எண் சரி என்பதில் விவாதம் உண்டு, நானும் அதைக் கறாராக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு வரியில் மூன்று சொல் தெரியவில்லை என்றால் அங்கே ஊகம் பலிக்காது என்பது வகுப்பில் கண்கூடாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட பத்தியில் நேரத்தை வீணாக்காமல் அடுத்ததற்குப் போங்கள். ஊகித்துக் கண்டுபிடித்த சொல் பட்டியலில் படித்த சொல்லைவிட நன்றாக மனதில் தங்குமா என்பதும் எனக்கு உறுதியில்லை. சிலருக்குத் தங்குகிறது, சிலருக்கு மறுநாளே போய்விடுகிறது, திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் நிற்கிறது.

வாக்கியம் முழுப்பொருளையும் கொடுக்காது, திசையை மட்டும் கொடுக்கும் இடங்களும் நிறைய. ரெட் ஹெரிங் என்று ஒரு வாதத்தைப் பற்றிய பத்தியில் வந்தால், மீனுக்கு அங்கே வேலையில்லை, யாரோ யாரையோ குறை சொல்கிறார்கள் என்பது வரை போகலாம். கவனத்தைத் திசைதிருப்ப நடுவில் போடும் விஷயம் என்ற துல்லியமான பொருள் வராது. தேர்வுக்கு அந்தத் திசையே பல சமயம் போதும். ஆளா பொருளா, நல்லதா கெட்டதா, கூடுவதா குறைவதா என்று தெரிந்தால் கொடுத்த விடைகளில் குறைந்தது இரண்டு கழியும். வேலைக்கு அது போதாது. நாளைக்கே மணலியிலோ காட்டுப்பள்ளியிலோ கப்பல் சரக்கு அலுவலகத்தில் சேர்ந்தால் டெட்வெயிட் என்ற சொல் வரும். டன் கணக்கில் வருவதால் எடை என்று தெரியும். அது கப்பலின் சொந்த எடை இல்லை, சரக்கு, எரிபொருள், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்ந்து கப்பல் சுமக்கக்கூடிய எடை என்பது வாக்கியத்தில் தெரியாது. வீட்டுப் பத்திரத்தில் ஃப்ரீஹோல்ட் என்று இருந்தால் இலவசம் என்ற நினைப்பே வரக்கூடாது, அது முழு உரிமை. மருந்துச் சீட்டு, கடன் ஒப்பந்தம், பத்திரம், காப்பீடு: இந்த நான்கிலும் ஊகிக்கவே வேண்டாம். அகராதியைத் திறங்கள், அல்லது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பயிற்சிக்கு என்ன படிக்கலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தலையங்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், விஷயமும் புதிது, சொல்லும் புதிது என்றால் இரண்டும் கைக்கு வராது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சேதியை ஆங்கிலத்தில் படியுங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ, எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் கலந்தது, காசிமேட்டு மீன்பிடித் தடைக்காலம், துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி நெரிசல். நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும், அதனால் ஸ்பில்ஓவர், பாட்டில்நெக், பேக்வாட்டர், கிராக்டவுன் போன்றவை அங்கே வரும்போது வாக்கியம் உங்கள் பக்கம் இருக்கும். ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: அந்த முழு வாக்கியம், உங்கள் ஊகம், அந்த ஊகத்துக்குக் காரணமான சொல். எழுதிய பிறகு மட்டும் அகராதி. ஊகம் தவறினால் காரணம் என்று நீங்கள் குறித்த சொல்லைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது வாக்கியத்தில் இருந்த சொல்லாக இருக்காது, கூட்டுச் சொல்லின் ஏதோ ஒரு பாதியாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் இப்படிச் செய்துவிட்டு, தவறிய வாக்கியங்களை மட்டும் இங்கே போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.